ஐஸ் ஹாக்கிக்குத் தரைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் ஸ்கார்பரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. ஹாக்கிக்குப் புதிதாக வரும் வீடுகளில் ஸ்கேட், ஸ்டிக், ரிங்க் கட்டணம் எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் "ஐஸுக்கு வெளியே என்ன செய்வது?" என்ற கேள்வியே வருகிறது. பதில்கள் பெரும்பாலும் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சிறு பிள்ளைகளுக்கும் நாற்பது தாண்டியவர்களுக்கும் தனிக் கேள்விகள் கீழே உண்டு.

ஸ்கேட்டிங் நன்றாக வர ஸ்கேட்டிங் செய்தால் போதாதா? தரைப் பயிற்சி எதற்கு?

சறுக்கும் நுட்பம் ஐஸில்தான் வரும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தசை வலுவாக வேண்டுமென்றால் அதன் மேல் ஏற்றும் பளு வாரா வாரம் கொஞ்சமாவது கூட வேண்டும். ஐஸில் அப்படிக் கூட்ட வழியில்லை. எத்தனை சுற்று சுற்றினாலும் காலுக்குக் கிடைப்பது அதே உடல் எடைதான். போதாக்குறைக்கு ஒரு மணி நேரப் பயிற்சியில் பிள்ளை வரிசையில் காத்து நிற்கும் நேரமும் அடக்கம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் மாஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கழகத்தின் பயிற்சியாளர் அனடோலி தராசோவ். போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் அங்கே செயற்கை ஐஸ் கிடைப்பது அரிது. அதனால் ஓட்டம், பளு, குட்டிக்கரணம், மற்றப் பந்து விளையாட்டுகள் என்று தரையிலேயே ஆட்டக்காரர்களை வளர்த்தார். 1972இல் கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய தொடரில், செப்டம்பர் 2ஆம் தேதி மொன்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் கனடா ஏழு நிமிடத்துக்குள் 2-0 என்று முன்னால் போனது. கடைசியில் 7-3 என்று சோவியத் அணி வென்றது. அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் போப்ரோவ். ஆனால் ஆட்டக்காரர்களில் பலர் தராசோவின் கையில் வளர்ந்தவர்கள். அந்தக் காலத்துக் கனடியத் தொழில்முறை வீரர்கள் சீசனுக்கு முந்தைய முகாமில்தான் உடம்பைத் தேற்றிக்கொள்வார்கள். தொடரைக் கனடாவே வென்றது என்றாலும், கோடையில் சும்மா இருக்கும் வழக்கம் அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் போய்விட்டது.

இன்னொரு உதாரணம் லடாக். அங்கே இயற்கை ஐஸ் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம்தான் நிற்கும். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் பெரும்பாலானவர்கள் அந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள்.

"ஸ்டாமினா" என்று பயிற்சியாளர் சொல்வது எதை? என் மகன் இரண்டாவது பீரியடிலேயே களைத்துவிடுகிறான்.

ஒரு ஷிப்ட், அதாவது ஒரு தடவை ஐஸில் இறங்கி பெஞ்சுக்குத் திரும்பும் வரை ஆடும் நேரம், சுமார் 45 விநாடி. அதிலும் முழு வேகம் என்பது மூன்று, நான்கு விநாடித் துண்டுகள்தான். நடுவில் சறுக்கல், திருப்பம், பலகையோரத்தில் தள்ளுமுள்ளு. அப்புறம் பெஞ்சில் இரண்டு நிமிடம் போல ஓய்வு. இப்படியே ஆட்டம் முடியும்வரை.

அந்தச் சில விநாடி வெடிப்புக்கு வேண்டிய சக்தி தசைக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது. பத்து விநாடிக்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஷிப்ட் நீண்டால் மாவுச்சத்தை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து ஓட்ட வேண்டியிருக்கும். தொடை எரிவதும் கால் கனப்பதும் அப்போதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது சேமிப்பைத் திரும்ப நிரப்புவது ஆக்சிஜன் வழிச் சக்தி, அதாவது இதயமும் நுரையீரலும் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களும் சேர்ந்து செய்யும் வேலை. மாடித் தொட்டியும் மோட்டாரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஷிப்ட் தொட்டியைக் காலி செய்கிறது, பெஞ்சில் மோட்டார் நிரப்புகிறது. உங்கள் மகனின் முதல் ஷிப்ட் நன்றாக இருந்து, ஐந்தாறு ஷிப்டுக்குப் பிறகு தளர்ந்தால் குறை பெரும்பாலும் மோட்டாரில். முதல் ஷிப்டிலேயே பின்தங்கினால் வலுவிலோ நுட்பத்திலோ தேடுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். சிறுவர் ஆட்டங்களில் பல பிள்ளைகள் ஒன்றரை நிமிடம் வரை ஐஸிலேயே நிற்கிறார்கள். அது ஸ்டாமினாக் குறை இல்லை, ஷிப்டை முடிக்கத் தெரியாத குறை. 45 விநாடியில் பெஞ்சுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாலே பாதிக் களைப்பு போய்விடும்.

அப்படியானால் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொல்லலாமா?

வேண்டாம். மோட்டாரைப் பெரிதாக்க நீண்ட, மெதுவான உழைப்பு வேண்டும்தான். ஆனால் அது கோடையின் முதல் மாதத்துக்கு உரியது, அதுவும் வாரத்தில் இரண்டு நாள் போதும். பேச்சு திணறாத வேகத்தில் 30 முதல் 40 நிமிடம். ஓட்டத்தைவிட சைக்கிளை நான் விரும்புவேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அடி இல்லை, தொடைக்கும் வேலை கிடைக்கும். சைக்கிளில் இடுப்பு மடங்கியே இருப்பதால், இறங்கியதும் ஒரு காலை முன்னே வைத்து மண்டியிட்டு இடுப்பின் முன்பக்கத்தை நன்றாக நீட்டிவிட வேண்டும்.

ஜூலையில் ஒரு நாளை மாற்றுங்கள்: நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக, நான்கு தடவை. ஆகஸ்டில் ஷிப்டை ஒட்டிய வேலை: 40 விநாடி முழு முயற்சி, இரண்டு நிமிடம் மெது மிதி, ஆறில் தொடங்கி எட்டுத் தடவை வரை. இன்னொரு நாள் ஒரு சிறு மேட்டைப் பிடியுங்கள். எட்டு, பத்து விநாடி மேலே பாய்ந்து, நடந்து இறங்கி, மூச்சு முழுதாகத் திரும்பிய பிறகு அடுத்தது. இந்த ஓய்வைக் குறைக்கக் கூடாது. வேகத்தைப் பழகும் நாளில் களைப்போடு ஓடினால் மெதுவாக ஓடத்தான் உடல் கற்றுக்கொள்ளும். மேடேறும்போது உடம்பு முன்னே சாய்ந்து கால் பின்னே தள்ளுவதால், ஸ்கேட்டில் முதல் மூன்று அடி எடுப்பதற்கு அது மிக நல்ல துணை.

எந்தத் தசைகளை வளர்க்க வேண்டும்?

ஸ்கேட்டை மாட்டிய ஒருவரை மெதுவாகக் கவனித்தால் பதில் தெரியும். ஓடுபவர் கால் பின்னே தள்ளும். ஸ்கேட்டரின் கால் பக்கவாட்டிலும் பின்னாலும் சேர்ந்து தள்ளும். இடுப்பு மூட்டு நீண்டு, விரிந்து, வெளிப்பக்கமாகத் திரும்பும். அதைச் செய்வது பிட்டத்தின் பெரிய தசையும் பக்கவாட்டுத் தசையும், முழங்காலை நீட்டும் முன்தொடையும். தள்ளி முடித்த காலைத் தடுத்து நிறுத்தி உடம்புக்குக் கீழே திரும்பக் கொண்டுவருவது தொடையின் உள்பக்கத் தசைகள். அதே நேரத்தில் மற்றக் கால் முழங்கால் மடங்கிய நிலையில் முழு உடம்பையும் தாங்கிக்கொண்டு இருக்கிறது.

ஆக, சறுக்கலின் பெரும்பகுதி ஒற்றைக் கால் வேலை. பயிற்சியும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு காலில் பெரிய எடை தூக்கும் பிள்ளை ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்ளே சரிவதைப் பாருங்கள். அங்கேதான் வேகம் கசிகிறது.

நடு உடம்புக்கு நூறு சிட்-அப் தேவையில்லை. பக்கவாட்டுப் பிளாங்க் (பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்தித் தாங்குவது), ஒரு கையில் மட்டும் கனமான டம்பெல் தூக்கிக்கொண்டு நேராக நடப்பது, மெடிசின் பால் எனும் கனமான பந்தைச் சுவரில் பக்கவாட்டில் எறிவது ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னது ஷாட்டுக்கும் உதவும்.

சரி, கோடையில் வாரத்துக்கு எத்தனை நாள், என்ன செய்வது?

பளுவுக்கு மூன்று நாள், நடுவில் ஒவ்வொரு நாள் இடைவெளி. ஒரு முறைக்கு 50 நிமிடம் போதும்.

முதலில், உடம்பு புதிதாக இருக்கும்போதே, தாவல். ஒற்றைக் காலிலிருந்து பக்கவாட்டில் தாவி மறு காலில் இறங்கி, இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்து, மூன்று சுற்று. எவ்வளவு தூரம் தாவினான் என்பதைவிட அசையாமல் நின்றானா என்பதைப் பாருங்கள். சில வாரம் கழித்து, நிற்காமல் தொடர்ந்து தாவலாம்.

அடுத்தது முக்கியமான வேலை. பின்காலை ஒரு பெஞ்சில் ஏற்றி வைத்து முன்காலில் உட்கார்ந்து எழும் ஸ்பிளிட் ஸ்குவாட், காலுக்கு எட்டு, மூன்று சுற்று. ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யச் சொல்வேன். முதல் இரண்டு வாரம் எடையே வேண்டாம். எட்டும் சுத்தமாக வந்தால் கைக்கு ஓரிரு கிலோ ஏற்றுங்கள். இரண்டாவது பயிற்சி நாளில் அதற்குப் பதில் ஒற்றைக் காலில் நின்று இடுப்பை மடக்கி டம்பெல்லைக் கணைக்கால் அளவுக்கு, அதாவது முழங்காலுக்குக் கீழ்வரை, இறக்கும் டெட்லிஃப்ட். பின்தொடைக்கு இது அவசியம், ஏனென்றால் ஸ்கேட்டிங் முன்தொடையை மட்டுமே அதிகம் வளர்த்துவிடும். மூன்றாம் நாளில் இரண்டு காலிலும் நின்று கனமான ஸ்குவாட் அல்லது டெட்லிஃப்ட், ஐந்து ஐந்தாக மூன்று சுற்று.

மேலுடம்புக்குத் தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று: தண்டாலும் புல்-அப்பும், அல்லது குனிந்து நின்று டம்பெல்லை மேலே இழுக்கும் ரோ. கடைசியில் உள்தொடைக்கும் பக்கவாட்டுப் பிளாங்குக்கும் ஐந்து நிமிடம்.

இதையெல்லாம் பொறுமையோடு பல கோடைகள் செய்ய வேண்டும். வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இல் ஆடிய கேரி ராபர்ட்ஸ் 1996இல் கழுத்துக் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். அடுத்த ஆண்டே திரும்பி வந்து 2009 வரை என்.எச்.எல்.-இல் ஆடினார், நாற்பது வயதையும் கடந்து. உடம்பைத் தேற்றிக்கொண்ட அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது இளம் ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

உள்தொடை வலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஐஸ் ஹாக்கியின் தொழில்நோய் என்றே இதைச் சொல்லலாம். வெளியே தள்ளும் தசைகள் ஒவ்வொரு அடியிலும் வலுப்படுகின்றன. திரும்ப இழுக்கும் உள்தொடைத் தசைகளோ நீண்டுகொண்டே காலைத் தடுக்கும் வேலை செய்கின்றன. நீளும்போது இழுபடும் தசைதான் சீக்கிரம் கிழியும். 2001இல் வெளியான ஓர் ஆய்வு என்.எச்.எல். ஆட்டக்காரர்களைச் சீசனுக்கு முன்பே அளந்து பார்த்தது. உள்தொடையின் வலு வெளிப்பக்கத் தசை வலுவில் 80 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்கு உள்தொடைக் காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 17 மடங்கு. பலவீனமாக இருந்தவர்களுக்கு முன்கூட்டியே வலுப்பயிற்சி கொடுத்தபோது அடுத்த ஆண்டுகளில் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. இதை நான் பார்க்கும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதுண்டு, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இந்த வலிக்கு நீட்டல் பயிற்சி மட்டுமே செய்கிறார்கள். நீட்டினால் இறுக்கம் தளரலாம், பலவீனம் போகாது.

செய்ய வேண்டியது கோபன்ஹேகன் பிளாங்க். பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி, மேல்காலைப் பெஞ்சின் மீது வைத்து, அந்த மேல்காலை அழுத்தியே இடுப்பை உயர்த்த வேண்டும். கீழ்க்கால் காற்றில். முதலில் பெஞ்சின் மேல் முழங்கால் இருக்கட்டும், பத்து விநாடி தாங்கினால் போதும். சில வாரங்களில் பாதம் வரை போகலாம். நோர்வேயின் கால்பந்து வீரர்களிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. இடுக்குப் பகுதித் தொல்லைகள் 41 சதவீதம் குறைந்தன. பழக்கமில்லாதவருக்கு மறுநாள் கடுமையாக வலிக்கும். ஆட்டத்துக்கு முந்திய நாள் முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள்.

இடுப்பு மூட்டின் முன்பக்கம் ஆழத்தில் குத்துவது போல வலித்தால், உட்காரும்போது மூட்டு இடிப்பது போல இருந்தால், அது தசை வலியாக இல்லாமல் இருக்கலாம். ஹாக்கி ஆடுபவர்களிடம் தொடை எலும்பின் தலைப்பகுதி கொஞ்சம் தடித்து மூட்டில் இடிப்பது அதிகம் காணப்படுகிறது. ஆழமாக உட்காரும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

ஸ்லைடு போர்டு வாங்கலாமா?

இடமிருந்தால் வாங்கலாம். வழுவழுப்பான பலகையில், காலணிக்கு மேல் துணியுறை மாட்டி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிப் போவது. ஸ்பீடு ஸ்கேட்டர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. 30 விநாடி செய்து 90 விநாடி ஓய்வு, ஆறு முதல் எட்டுத் தடவை. தலை மேலும் கீழும் ஆடாமல், முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். களைத்துப்போய் நிமிர்ந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது என்று நிறுத்துங்கள்.

காலில் எடை கட்டி ஸ்கேட் செய்வது, ஆடும் பலகை மேல் நின்று ஸ்குவாட் செய்வது எல்லாம் எப்படி?

இரண்டையும் நான் விடச் சொல்வேன். கணுக்காலில் கட்டிய எடை காலை வீசும் விதத்தையே மாற்றி, நுட்பத்தைக் கெடுக்கும். ஆடும் பலகையில் நின்றால் பளு ஏற்ற முடியாது, அதனால் வலுவும் வராது. ஐஸில் செய்வதைத் தரையில் நடித்துக் காட்டுவது பயிற்சி ஆகாது. ஐஸில் கிடைக்காததைத் தரையில் சேர்த்துக்கொண்டு போய், ஐஸில் பயன்படுத்த வேண்டும்.

மகனுக்குப் பத்து வயது. பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் அம்மம்மா.

நிற்காது. தெரிந்தவர் மேற்பார்வையில், சரியான முறையில் செய்தால் வலுப்பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது. ஆனால் பத்து வயதில் ஜிம் தேவையும் இல்லை. மரம் ஏறட்டும், நொண்டி விளையாடட்டும், நீந்தட்டும், பாட்மிண்டனும் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடட்டும். கூடவே தண்டால், ஸ்குவாட், தாவி இறங்குதல் என வாரத்தில் இரண்டு நாள் பதினைந்து நிமிடம்.

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வசந்த கால ஹாக்கி, கோடை ஹாக்கி, முகாம் என்று ஆண்டு முழுவதும் பிள்ளையை ஐஸிலேயே வைத்திருக்காதீர்கள். அதே மருத்துவர் சங்கம் ஒரே விளையாட்டிலிருந்து ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது விலகியிருக்கச் சொல்கிறது. சின்ன வயதில் பல விளையாட்டு ஆடிய பிள்ளைக்குக் காயமும் குறைவு, பதினாறு வயதில் வெறுப்பும் வராது.

மகளுக்கு வேறு பயிற்சி வேண்டுமா?

அதே பயிற்சிதான், அதே தீவிரத்தோடு. தாவி இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியாமல் இருப்பதில் கூடுதல் கவனம் வேண்டும், பதின்ம வயதில் பெண்களுக்கு முழங்கால் தசைநார்க் காயம் அதிகம். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவள் காரணமில்லாமல் களைத்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள், சைவ உணவு வீடுகளில் முக்கியமாக.

ஒரு புல்-அப் கூட வரவில்லை. பெரிய நிலைக்குப் போக முடியாதா?

2014இல் என்.எச்.எல். தேர்வுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில் சாம் பெனட் ஒரு புல்-அப் கூட எடுக்கவில்லை. பத்திரிகைகள் எல்லாம் அதையே எழுதின. அந்த ஆண்டு நான்காவது ஆளாகக் கால்கரி அணி அவரைத் தேர்ந்தது. 2025இல் புளோரிடா அணியோடு ஸ்டான்லி கோப்பையையும், பிளேஆஃபின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதையும் வென்றார். அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. நாற்காலியில் ஏறிக் கம்பியைப் பிடித்து, ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள், ஐந்து தடவை. சில வாரங்களில் முதல் புல்-அப் வந்துவிடும்.

சீசன் தொடங்கிய பிறகு நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் கோடையில் சேர்த்தது கிறிஸ்மஸுக்குள் கரைந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம். எடையைக் குறைக்காதீர்கள், சுற்றுகளைப் பாதியாக்குங்கள். ஸ்டாமினாவுக்குத் தனி வேலை தேவையில்லை, ஐஸே அதைப் பார்த்துக்கொள்ளும். கால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இரண்டு நாள் இருக்கட்டும்.

நம் வீட்டுச் சாப்பாடு போதுமா?

சோறும் இட்லியும் புட்டும் இடியப்பமும் ஹாக்கிக்கு நல்ல எரிபொருள். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் எண்ணெயும் காரமும் குறைவாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். குறை இருப்பது புரதத்தில். வலுப்பயிற்சி செய்யும் பிள்ளைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒன்றரை கிராம் என்று கணக்கு வைத்தால், 60 கிலோவுக்கு நாளுக்கு 90 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 30. சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பி இருக்க முடியாது. கெட்டியான பருப்பாக ஒரு கிண்ணம், கூடவே கடலை, சோயா, கெட்டித் தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். தூக்கத்தை ஒன்பது மணி நேரத்துக்குக் குறைக்காதீர்கள். காலை ஆறு மணி ஐஸ் என்றால் முதல் நாள் இரவு போன் வேறு அறையில் இருக்கட்டும்.

எனக்கு 43 வயது. நண்பர்களோடு இரவில் ஆடுகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

குடும்ப மருத்துவரிடமிருந்து. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். நம் ஆட்களுக்கு இதய நோய் இளவயதிலேயே வருகிறது. நாள் முழுதும் மேசையில் இருந்துவிட்டு இரவு பத்து மணிக்குத் திடீரென முழு வேகத்தில் பாய்வது இதயத்துக்குப் பெரிய சுமை. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அந்த ஷிப்டிலேயே வெளியே வந்து 911ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியென்றால், இரண்டு மாதம் வேக நடை, மெதுவான சைக்கிள், வாரத்தில் இரண்டு நாள் மேலே சொன்ன ஸ்பிளிட் ஸ்குவாட்டும் உள்தொடைப் பயிற்சியும். முழு வேகப் பாய்ச்சல் அதற்குப் பிறகு. ஆட்ட நாளில் உடை மாற்றும் முன் பத்து நிமிடம் நடைபாதையில் நடந்து, கால்களை வீசி, ஒரு காலை முன்னே எட்டி வைத்து இறங்கி எழும் லஞ்ச் சில, சின்னத் தாவல் சில.

ஜிம்மில் சேராமல் வீட்டில் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்?

எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி, உறுதியான பெஞ்சு ஒன்று, வாசல் நிலையில் மாட்டும் புல்-அப் கம்பி, நீளமான ரப்பர் பேண்டு ஒன்று. பழையது வாங்கினாலும் குறையில்லை. பேஸ்மென்ட் கூரை தாழ்வு என்றால் தாவலை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரமாவது ஒவ்வொரு அசைவையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெட்டியில் வரும் விளக்கப் படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.